என் தம்பிக்கு எம்பார் என்று பெயர்

நம் வயதுக்காரர்களில் நிறையப் பேருக்கு ஜூன் மாதத்தில்தான் பிறந்தநாள் வரும். அந்தத் தேதியில் எந்த அம்மாவுக்கும் வலி எடுக்கவில்லை. பள்ளிக்கூடம் திறக்கும் மாதம் ஜூன், அவ்வளவுதான். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார்கள். விரல் காதில் பட்டால் ஐந்து வயது முடிந்துவிட்டது என்று கணக்கு. தலைமையாசிரியர் தன் மனதுக்குத் தோன்றிய ஒரு தேதியை எழுதிக்கொள்வார். அந்தத் தேதியை வைத்துத்தான் நாம் வேலைக்குப் போனோம், ஓய்வும் பெற்றோம். உங்களுக்கும் இது ஞாபகம் இருக்கும்.

என் தம்பிக்கு அந்தக் காது எட்டவில்லை. அன்றைக்கு நடந்ததை முழுசாக நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு அறுபது தாண்டிவிட்டது. போன மாதம் ஒருவழியாகச் சொல்ல வேண்டியவனிடம் சொல்லிவிட்டேன். அதனால் உங்களிடமும் சொல்லலாம்.

ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகிற சாலையில், இப்போது நீளமான கம்பெனிச் சுவர் ஒன்று வருகிறதே, அதற்கு எதிரே உள்ளே தள்ளி இருந்தது எங்கள் ஊர். இன்றும் அங்கேதான் இருக்கிறது. அந்தக் காலம்போல வருமா என்று பெருமூச்சு விட நான் வரவில்லை. அப்போது குடிதண்ணீருக்கு ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு நடந்தோம், திரும்பி வரும்போது பாதித் தண்ணீர் பாவாடையில் இருக்கும். இப்போது குழாயில் வருகிறது. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

அப்பா கிணறு வெட்டும் கூலி. கோடையில் கிணறுகள் வற்றியதும் தூர் எடுக்கவும் ஆழப்படுத்தவும் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து கூப்பிட்டு அனுப்புவார்கள். வீட்டுக்கு வரும்போது அவர் மேலெல்லாம் ஈரக் களிமண் வாசனை அடிக்கும். குளித்தாலும் காதுமடலுக்குப் பின்னால் கொஞ்சம் மண் ஒட்டியிருக்கும். சித்திரை மாதத்தில் மட்டும் பத்து நாள் அவர் வேறு ஆள். ஸ்ரீபெரும்புதூர்க் கோயில் திருவிழாவில் சாமி புறப்பாட்டுக்குத் தோள் கொடுக்க ஆள் குறைந்தால் அவரையும் கூப்பிடுவார்கள். நெற்றியில் நாமத்தோடும் தோளில் காய்ப்போடும் திரும்பி வருவார்.

அப்படி ஒரு சித்திரையில்தான் தம்பி பிறந்தான். திருவிழா முடிந்து வந்த அப்பா, குழந்தையைக் கையில் வாங்கியதும், "இவன் பேரு எம்பாரு" என்றார்.

அந்தப் பெயர் எங்கள் ஊரில் யாருக்கும் கிடையாது. அக்கம்பக்கத்து ஊர்களிலும் கிடையாது. அம்மாவுக்குப் பிடிக்கவே இல்லை. தாம்பரத்தில் வேலை பார்த்த அம்மாவின் தம்பி வந்தபோது, அப்பாவிடம் "இன்னா மாமா பேரு இது? ரமேசு, சுரேசுன்னு வெக்கக் கூடாதா?" என்று கேட்டார். அப்பா சிரித்துக்கொண்டே வெற்றிலையை மடித்தாரே தவிர எதற்கு அந்தப் பெயர் என்று சொல்லவில்லை. அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. 'சாமி பேருதான்' என்பதற்குமேல் எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

தம்பி குள்ளமாக வளர்ந்தான். அதாவது, வளரவில்லை. உறியிலிருந்து ஏதாவது எடுக்க வேண்டுமானால் எம்பி எம்பிக் குதிப்பான். தெருப் பிள்ளைகளுக்கு இது போதாதா? "எம்பாரு, எம்பு! எம்பு!" என்று அவன் தலைக்குமேல் மாங்காயைத் தூக்கிக் காட்டுவார்கள். அவனும் சளைக்காமல் எம்புவான், அவனுக்கு அது விளையாட்டு. எனக்குத்தான் மானம் போகும். ஏனென்றால் என்னை 'எம்பு அக்கா' என்று கூப்பிட்டார்கள். அதை ஆரம்பித்து வைத்தவள் மளிகைக் கடைக்காரர் மகள், என் வகுப்பில் என் பக்கத்திலேயே உட்காருகிறவள். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு.

"பேர்லயே எம்புன்னு வெச்சா புள்ள எப்டி வளரும்?" என்று அம்மாவும் புலம்புவாள்.

அந்த ஜூன் மாதம் அப்பா வல்லக்கோட்டைப் பக்கம் கிணற்று வேலைக்குப் போயிருந்தார். அம்மாவுக்கு வேர்க்கடலைக் கொல்லையில் வேலை. அதனால் தம்பியைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க என்னோடு அனுப்பினார்கள். இன்றைக்கு எல்.கே.ஜி. சேர்க்க அப்பா, அம்மா, இரண்டு பக்கத்துத் தாத்தாக்கள் எல்லாரும் காரில் போகிறார்கள். அன்றைக்குப் பத்து வயது அக்கா போதும்.

தலைமையாசிரியர் மேசைக்கு முன்னால் வரிசை நின்றது. அவர் மேசையில் நீல மைக்கூடு ஒன்று, சிவப்பு மைக்கூடு ஒன்று, நடுவே கண்ணாடிக் குண்டு ஒன்று. அந்தக் குண்டுக்குள் ஒரு பூ மிதந்துகொண்டிருக்கும். ஐந்து வருஷமும் அதை ஒரு தடவையாவது தொட்டுப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன், நடக்கவில்லை. அவர் நெற்றியில் எதுவும் வைக்காதவர். கோபக்காரர் என்று பேர், ஆனால் யாரையும் அடித்து நான் பார்த்ததில்லை.

எங்கள் முறை வந்தது. "காதைத் தொடு," என்றார். தம்பி கையைத் தலைமேல் போட்டான். விரல் நுனி காதுக்கு மேலேயே நின்றுவிட்டது. அவன் யோசித்தான். பிறகு, கை எட்டாவிட்டால் என்ன செய்வது என்று அவனுக்குத் தெரிந்த ஒரே வழியைச் செய்தான். காலை ஊன்றி எம்பினான்.

வரிசையில் எங்களுக்குப் பின்னால் கடைக்காரர் மகளும் தன் தம்பியோடு நின்றுகொண்டிருந்தாள். "எம்பாரு எம்புறாருடோய்!" என்று அவள் சொல்ல, வரிசையே சிரித்தது. தலைமையாசிரியருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "எம்பினா உன் காது உன்னோடவே மேல போகுமே தவிர, கைக்கு எட்டுமா?" என்றார். எனக்குக் காதெல்லாம் சுட்டது. "சித்திரைத் திருவிழாவுல பொறந்தான் சார், அஞ்சு முடிஞ்சிட்டுது," என்று அழாத குறையாகச் சொன்னேன். "சரி சரி, கைதான் குட்டை," என்று பதிவேட்டைத் திறந்தார்.

"பேர் என்ன?"

"எம்பார்," என்றான் தம்பி.

அவர் பேனாவைத் தொட்டு 'எம்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் அப்பாவின் பெயர் 'மு'வில் ஆரம்பிக்கும். அந்த 'எம்' தகப்பன் பெயரின் எழுத்து என்று நினைத்துவிட்டார். அடுத்து 'பார்' என்று எழுதினார். மீதியைப் பையன் விழுங்கிவிட்டான் என்று தோன்றியிருக்க வேண்டும். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"பார்த்திபனா?"

'இல்ல சார், எம்பார்தான் பேரு' என்று சொல்ல ஒரு நொடி போதும். பின்னால் இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. பார்த்திபன். காதில் விழுந்ததுமே அந்தப் பெயருக்குக் கிரீடம் இருந்தது. அந்தப் பெயருடைய பையனின் அக்காவை யாரும் எம்பு அக்கா என்று கூப்பிட மாட்டார்கள்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.

'எம். பார்த்திபன்' என்று எழுதி முடித்து, மையொற்றும் தாளை அழுத்தினார்.

வீட்டில் சொல்லவில்லை. அப்பா வந்து கேட்டபோது, "சேத்தாச்சுப்பா" என்று மட்டும் சொன்னேன். தம்பிக்குப் புது சிலேட்டு வாங்கிக் கொடுத்தார். தம்பி தினமும் என்னோடு வந்தான், மத்தியானச் சோறு சாப்பிட்டான், சாயங்காலம் என்னோடு திரும்பினான். எல்லாம் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது.

எங்கள் ஐந்தாம் வகுப்புக்குத் தலைமையாசிரியர்தான் பாடம் எடுப்பார். ஆடி மாதம் ஒரு நாள் வகுப்பில் என்னை எழுப்பினார். "உன் தம்பி ஒரு நாள்கூடப் பள்ளிக்கூடம் வரலையாமே?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "வரான் சார்," என்றேன்.

"பொய் சொல்லாதே. டீச்சர் தெனம் கூப்பிடறாங்க. ஆப்சென்ட்டுன்னு போட்டுப் போட்டு அவங்க கையே ஓய்ஞ்சுபோச்சு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒன்றாம் வகுப்பு டீச்சர் அந்த வருஷம்தான் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர். ஊரில் எந்தப் பிள்ளையையும் தெரியாது. அவர் 'பார்த்திபன்' என்று கூப்பிடும்போது இவன் பேசாமல் உட்கார்ந்திருக்கிறான். அக்கா, அண்ணன்மாரோடு சோற்றுக்காக வரும் பொடிசுகள் நாலைந்து அந்த வகுப்பில் எப்போதும் உண்டு. இவன் உயரத்தைப் பார்த்து, இவனும் அதில் ஒருவன் என்று விட்டுவிட்டிருக்கிறார்.

அன்று மாலை வரும் வழியில், ஏரிக்கரையில் அவனை நிறுத்தினேன்.

"தோ பாரு, நாளைலேருந்து டீச்சர் பார்த்திபன்னு கூப்டா, நீ எழுந்து நின்னு உள்ளேன் டீச்சர்னு சொல்லணும்."

"அது யாரு?"

"நீதான்."

"நான் இல்ல. நான் எம்பாரு."

"ஸ்கூல்ல மட்டும்டா."

"அவன் வந்தா இன்னா பண்றது?"

"எவன்?"

"பார்த்திபன். அவன் வந்து என் எடத்துல ஏண்டா உக்காந்துகினு கீறேன்னு கேட்டா?"

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. நான் சேர்த்து வைத்திருந்த கடலை உருண்டையைக் கொடுத்துக் கெஞ்சினேன். வாங்கித் தின்றுவிட்டு, சரி என்றான். மறுநாள் கேட்டால், "மறந்துட்டேன்க்கா" என்றான். அதற்கு மறுநாளும் அதே பதில். அவன் மறந்ததாக எனக்குத் தோன்றவில்லை. இல்லாத பையனுக்காகப் பொய் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

அந்த வாரக் கடைசியில் பஸ் நிறுத்தத்தில் தலைமையாசிரியர் அப்பாவைப் பார்த்திருக்கிறார். "உன் பையன் சேர்ந்ததோட சரி. கிணத்து வேலைக்கே அனுப்பறதா உத்தேசமா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார்.

அப்பா வீட்டுக்கு வந்தபோது முகம் கறுத்திருந்தது. தம்பி வாசலில் சிலேட்டில் ஆனா எழுதிக்கொண்டிருந்தான். அவன் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்.

"தெனமும் எங்கடா போற?"

"ஸ்கூலுக்குப்பா."

கதவிடுக்கில் செருகியிருந்த புளியம் விளாறை உருவி, முழங்காலுக்குக் கீழே இரண்டு அடி. அவர் எங்களை அடித்ததே இல்லை. எப்படி அடிப்பது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை, இரண்டாவது அடி பாதி தரையில் விழுந்தது. "பொய்யாடா சொல்ற? ஊரே சிரிக்கிது. எங்கடா போற?"

"தெனமும் ஸ்கூலுக்குத்தான்பா போறேன்," என்றான் தம்பி. அழவில்லை. என்னை ஒரு தடவை பார்த்தான். அம்மா உள்ளேயிருந்து ஓடிவந்து குறுக்கே நின்றாள்.

மூன்றாவது அடிக்குக் கை ஓங்கியபோது நான் கத்திவிட்டேன். "அவன் வரான்பா! பேரு தப்பா எழுதிட்டாங்க. பார்த்திபன்னு எழுதிட்டாரு சாரு. அதான் கூப்டா எழுந்துக்க மாட்றான்!"

அப்பா விளாறைக் கீழே போட்டார். 'எழுதிட்டாரு சாரு' என்று நான் சொன்னேன், கவனித்தீர்களா? தலையாட்டியதைச் சொல்லவில்லை.

அப்பா அப்படியே உட்கார்ந்துவிட்டார். தம்பியின் காலில் சிவந்திருந்த கோடுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அம்மா தேங்காய் எண்ணெய் தடவும்போது எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவர் வேலைக்குப் போகவில்லை. காலையிலேயே குளித்து, சித்திரைக்கு மட்டும் எடுக்கும் வெள்ளை வேட்டியைக் கட்டி, நாமம் இட்டுக்கொண்டு எங்களோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். 'நான் கேட்டேனே, உன் பொண்ணுதான் ஆமான்னா' என்று ஒரு வார்த்தை தலைமையாசிரியர் சொன்னால் போதும், என் கதை முடிந்தது.

அப்பா மேசைக்கு எதிரே துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அய்யா, எம் புள்ள தெனமும் வந்துகினுதான் இருந்தான். அவன் பேரு எம்பாரு. நீங்க வேற பேரு எழுதிட்டீங்களாம், பொண்ணு சொல்லிச்சு."

தலைமையாசிரியர் பதிவேட்டைப் புரட்டி அந்தப் பக்கத்தை எடுத்தார். பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் கண்ணாடிக் குண்டுக்குள் இருந்த பூவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று தெரியாது, எனக்கு அது ஒரு முழு வகுப்பு நேரம் போல இருந்தது.

"ஆமாம்பா," என்றார் அப்பாவிடம். "என் தப்புதான். சரியா கேக்காம எழுதிட்டேன்."

கோபக்காரர் என்று ஊரே சொன்ன மனிதர், ஐந்தாம் வகுப்புப் பெண்ணுக்காகத் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகும் அவர் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஆனா ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதே," என்றார் அப்பாவிடம். "இது என்ன பேரு? உண்ணார்னா உண்ண மாட்டார், உறங்கார்னா உறங்க மாட்டார். தமிழ்ல எம்பார்னா எம்ப மாட்டார்னு அர்த்தம் வருது. பசங்க கேலி பண்றானுங்க. பார்த்திபன்னே இருக்கட்டுமே. ராஜா பேரு."

"அய்யா, இது பெரும்புதூர்ல பொறந்த உடையவரோட சின்னம்மா புள்ள பேரு. பக்கத்துல மதுரமங்கலத்துக்காரரு."

"அது தெரியும். அந்தக் கதையும் தெரியும். அதனாலதான் சொல்றேன்."

எனக்கு அந்தக் கதை தெரியாது. தம்பிக்கும் தெரியாது. அப்பா எங்கள் பக்கம் திரும்பி எங்களுக்குச் சொல்வதுபோலச் சொன்னார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

"உடையவருக்கு எம்பெருமானாருன்னு ஒரு பேரு கீது. எவ்ளோ பெரிய பேரு பாரு. அவரு சின்னம்மா புள்ள சாமியாரா போனப்போ, இந்தா, நீயும் எம்பெருமானாருன்னே இருன்னு தன் பேரையே எடுத்துக் குட்த்தாரு. அதுக்கு இவரு, சாமி, அம்மாம் பெரிய பேரு எனக்குத் தாங்காது, எனக்கு ஏத்தாப்புல குடுங்கன்னு கேட்டாரு. சரின்னு நடுவுல கீற பெரும எல்லாத்தையும் எடுத்துட்டாங்க. மொதல்ல கொஞ்சம், கடைசில கொஞ்சம். எம்பாரு."

"அதைத்தான் நானும் சொல்றேன்," என்றார் தலைமையாசிரியர். அவர் குரல் உயர்ந்தது. "எனக்கு இது போதும், நான் சின்னவன்னு தன்னைக் குறைச்சிக்கிட்டவர் பேரு அது. அவருக்கு அது அழகா இருக்கலாம். உன்னை ஏற்கெனவே ஊர்ல குறைச்சலாத்தான் நடத்தறாங்க. கிணறு வெட்டக் கூப்பிடறவன் குடிக்கத் தண்ணி கேட்டா, செம்பைக் கையில குடுக்காம தூக்கித்தானே ஊத்தறான்? நீ குனியறது போதாதா? உன் பிள்ளையோட பேரும் குனியணுமா?"

நான் அப்போது இதைத் திட்டு என்று நினைத்துக்கொண்டு பயந்தேன். அவர் கண் கலங்கியிருந்தது என்பது பிற்பாடுதான் ஞாபகத்துக்கு வந்தது.

அப்பா கொஞ்ச நேரம் துண்டைத் திருகிக்கொண்டிருந்தார்.

"அய்யா, சாமி தூக்கும்போது நாலு பேரு தோளும் ஒரே மட்டமா இருக்கணும். நான் மத்தவங்களவிட ரெண்டு விரக்கட கம்மி. தண்டு என் தோள்ல ஒக்காராது. ஒவ்வொரு வாட்டியும், இவன் கம்மிடா, துணிய மடிச்சு வெய்யிடாம்பானுங்க. எல்லாரும் சிரிப்பானுங்க. இவன் பொறந்த அன்னிக்கும் சொன்னானுங்க. சாமி எறக்கி வெச்ச மண்டபத்துல ஒருத்தரு இந்தக் கதைய சொல்லிகினு இருந்தாரு. ஓரமா நின்னு கேட்டேன். எல்லாரும் என்ன கம்மின்னு சொல்றானுங்களே, கம்மியா கீறதே ஒரு பேருன்னு அன்னிக்குத்தான் அய்யா கேட்டேன். யாரும் அவரக் குனிய வெக்கல. அவரே எனக்கு இவ்ளோ போதும்னு சொல்றாரு. எவ்ளோ பெரிய ஆளா இருந்தா அப்டி சொல்லுவாரு? வூட்டுக்கு வந்தா இவன் பொறந்துகீறான். அதான் வெச்சேன்."

பக்கத்து வகுப்பில் இரண்டாம் வாய்ப்பாடு ஓடிக்கொண்டிருந்தது.

இத்தனை வருஷம் கழித்து யோசித்துப் பார்த்தால், இரண்டு பேர் சொன்னதும் சரிதான் என்று படுகிறது. பிள்ளை குனியக் கூடாது என்றுதான் இரண்டு பேரும் நினைத்தார்கள்.

தலைமையாசிரியர் தம்பியைப் பக்கத்தில் கூப்பிட்டார். "உனக்கு எந்தப் பேர்டா வேணும்?"

தம்பி யோசிக்கவே இல்லை. "எனக்குப் பேரு கீது சார்," என்றான்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு மறுபடியும் பதிவேட்டைப் பார்த்தார். நீல மையில் எழுதியதை அழிக்க முடியாது, மேலதிகாரி கையெழுத்து வேண்டும், மனு எழுத வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தவர், சட்டென்று நிறுத்தினார். 'எம். பார்த்திபன்' என்பதை விரலால் தடவினார். சிவப்பு மையைத் தொட்டு, 'எம்'முக்குப் பின்னால் இருந்த புள்ளியை அடித்தார். 'த்திபன்' என்பதைக் கோடு போட்டு அடித்தார். ஓரத்தில் கையெழுத்துப் போட்டார்.

"வா, பார்," என்று அப்பாவைக் கூப்பிட்டார். அப்பாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க மட்டும்தான் தெரியும். குனிந்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். "எம்... பா...ர்."

"இங்கயும் வெட்டித்தான் வந்திருக்கு," என்றார் தலைமையாசிரியர். "மேல எவனாவது கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன். நீ வேலைக்குப் போ."

அன்று காலை ஒன்றாம் வகுப்பிலிருந்து "உள்ளேன் டீச்சர்!" என்று ஒரு குரல் எங்கள் வகுப்புவரை கேட்டது. தலைமையாசிரியர் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த கையை ஒரு கணம் நிறுத்திவிட்டு மறுபடி எழுதினார்.

கேலி உடனே நின்றுவிடவில்லை. அந்த வருஷம் முழுக்க எம்பு எம்பு என்றார்கள். ஆனால் எனக்கு அது அவ்வளவாக உறைக்கவில்லை. ஒரு நாள் கடைக்காரர் மகளிடம், "அது எவ்ளோ பெரிய பேருலேருந்து வெட்ன பேரு தெரியுமா?" என்று முழுக் கதையையும் சொன்னேன். அவள் வாயைப் பிளந்து கேட்டாள். மறுநாள் அவளே எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள், கொஞ்சம் மாற்றி, எம்பார் ஒரு ராஜா என்று.

தம்பி கடைசிவரை உயரமாக வளரவில்லை. அதனால் அவனுக்கு ஒன்றும் குறைந்துவிடவும் இல்லை. பாலாற்றங்கரைப் பக்கம் லாரி ஓட்டினான். இங்கே கம்பெனிகள் வந்ததும் சிங்கப்பெருமாள் கோவில் ரயிலடியிலிருந்து ஷிப்ட் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரகடம் போகிற பஸ் ஓட்டினான். சீட்டுக்கு அடியில் ஒரு பலகையைப் போட்டு உயரத்தைச் சரிசெய்துகொண்டான். ஒரு கம்பெனியில் அடையாள அட்டையில் அவன் பெயரை எம்பர் என்று அடித்துக் கொடுத்துவிட்டார்கள். அங்கே இருந்த வடக்கத்தி சூப்பர்வைசர் ஒருவர், இங்கிலீஷில் அதற்குத் தணல் என்று அர்த்தம் என்றாராம். "அதுவும் நல்லாத்தான்க்கா கீது," என்று அந்த அட்டையைக் கொண்டுவந்து காட்டினான். இப்போது ஓய்வு. மாடியில் இரண்டு அறை கட்டி, திருநெல்வேலிப் பக்கத்துப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறான். அவர்கள் "எம்பார் அண்ணாச்சி" என்று கூப்பிடுவதைக் கேட்க எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

போன மாதம் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் மனைவி மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் அவித்த வேர்க்கடலையை உரித்துத் தின்றுகொண்டிருந்தோம். எதற்கோ பழைய பேச்சு வந்தது. ஏனோ அன்றைக்கு எனக்குச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றிவிட்டது.

"டேய், உன் பேர மாத்தி எழுதுனது சாரு தப்பில்லடா. அவரு என்னைக் கேட்டாரு. நான்தான் ஆமான்னு தலையாட்னேன்."

அவன் கடலை உரிப்பதை நிறுத்தவில்லை. "தெரியும்க்கா."

"இன்னா தெரியும்?"

"நீ தலையாட்னது. நானும் உன் பக்கத்துலதானே நின்னுகினு இருந்தேன்?"

"அப்போ அப்பா அடிக்கும்போது ஏண்டா சொல்லல?"

"எனக்கு ரெண்டு வுழுந்து முடிஞ்சிடுச்சி. சொன்னா உனக்கும் வுழும். ரெண்டு பேரும் அழுதுகினு இருக்கணும், அம்மா யாருக்குன்னு எண்ணெ தடவும்?" என்றான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். "அதுவும் இல்லாம, அந்த அடியால எனக்கு ஒண்ணும் நஷ்டம் இல்லக்கா. உனக்குத் தெரியாத ஒண்ணு கீது."

"இன்னாது?"

"அன்னிக்கு, அதான் சாரு பேர வெட்னாரே, அன்னிக்கு சாயங்காலம் அப்பா வாடக சைக்கிள் எடுத்துகினு வந்து, நீ வர்றதுக்கு முன்னாடியே என்ன ஸ்கூல் வாசல்ல இட்டுகினு பூட்டாரு. நேரா பெரும்புதூரு. ஓட்டலு. நெய் ரோஸ்ட்டு வாங்கிக் குட்த்தாரு. அக்காவாண்ட சொல்லாதடா, ஏங்கிப்பூடும்னாரு."

எனக்கு நினைவு வந்தது. அன்றைக்குத் தம்பி அப்பாவோடு ஏதோ வேலையாகப் போயிருப்பதாக அம்மா சொன்னாள். நான் தனியாக வீட்டுக்கு வந்து கேழ்வரகுக் கூழ் குடித்தேன்.

"அப்பா ஒண்ணும் துன்னல. எதிர்ல ஒக்காந்து பார்த்துகினே இருந்தாரு."

"அடிச்சதுக்கு ஏதாவது சொன்னாராடா?"

"அதெல்லாம் சொல்லல." உரித்த கடலைகளை என் பக்கம் தள்ளினான். "சட்னி போதுமாடா, சட்னி போதுமாடான்னு மூணு வாட்டி கேட்டாரு."

ஐம்பது வருஷத்துக்கு மேலாக அந்த இரண்டு அடிக்காக நான் உள்ளுக்குள் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன். இனி அந்த வருத்தம் வராது என்று தெரிந்தது. அதற்குப் பதிலாக, சொன்னால் நம்ப மாட்டீர்கள், அறுபது தாண்டிய எனக்குப் பத்து வயதுப் பொறாமை ஒன்று பொங்கிக்கொண்டு வந்தது.

"முழு ரோஸ்ட்டாடா?" என்று கேட்டேன்.

"முழுசு," என்றான் என் தம்பி.